பல்லீறு நோயும் நீரிழிவும்

(கிண்டியில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், நம் குலத்தைச் சேர்ந்த பல் வைத்தியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறரை வாய்திறக்கச் சொல்லியே பிழைத்துவந்த என்னை இன்று நீங்கள் வாய்திறக்கச் சொல்லியிருக்கின்றீர்கள். சொல்வன்மை சிறிதும் இல்லாத எனக்கு இவ்வாய்ப்பினை அளித்த சங்கத்தார்க்கு என் வணக்கம் உரியதாகுக. சமயம், இலக்கியம், குல வரலாறு ஆகியவை பற்றி அறிஞர் பலர் பேசிய இம்மேடையில் பல்லைப் பற்றிப் பேசுதல் தகுமோ என முதலில் ஐயுற்றேன். ஆயினும், அறிந்த ஒன்றைச் சொல்லாது விடுவதால் நம்மவர் கண்ணையும் காலையும் இழப்பாராயின், அக்குற்றம் என்னைச் சாரும் என்பதை எண்ணியே துணிந்து வந்தேன்.

நாம் கூடியிருக்கும் இக்கிண்டி, பல தலைமுறைக் காலம் குதிரைப் பந்தயத்தினால் பேர்பெற்றிருந்த இடமாகும். குதிரை வாங்கப் போகின்றவன் முதலில் என் செய்வான்? அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பான். வயதும் வளமும் அங்கே தெரிந்துவிடும். உழவன் மாடு பிடிக்கும்போதும் அவ்வாறே பல்லைப் பிடித்துப் பார்ப்பான். விலங்கின் உடல்நிலையை வாயைக் கொண்டு மதிக்கத் தெரிந்த நாம், நம் வீட்டுப் பெரியவர்களின் வாய்க்குள் என்ன நடைபெறுகின்றது என்பதை ஒருநாளேனும் பார்த்ததுண்டா? யான் இன்று கேட்க வந்த கேள்வி இதுவே.

என் பிழை ஒன்றைக் கூறியே இப்பொருளைத் தொடங்குகின்றேன். யான் தொழில் தொடங்கிய காலத்தில், ஆலந்தூரில் மளிகைக் கடை நடத்திவந்த நம் குலத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். மேற்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. வலி இல்லை, ஆட்டம் மட்டுமே. பிடுங்கினேன். அடுத்த ஆண்டு இன்னொரு பல் ஆடிற்று, அதனையும் பிடுங்கினேன். மூன்று ஆண்டுகளில் மேற்பற்கள் நான்கு போயின. ஒவ்வொரு முறையும் அவர் நன்றி கூறி, கடையிலிருந்து வெல்லமும் பருப்பும் அனுப்பிவைத்தார். நான்காம் ஆண்டில் அவருக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. ஒருநாள் மகன் தோளைப் பற்றிக்கொண்டு வந்தவர், "தம்பி, நான் பல்லைத்தானே கொடுத்தேன், நீ கண்ணையும் சேர்த்து எடுத்துக்கொண்டாயே" என்றார்.

மேற்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை கெடும் என்பது நம் நாட்டில் வேரூன்றிய நம்பிக்கை. படித்த செருக்கினால் யான் அப்போது நகைத்தேன். பல்லுக்குச் செல்லும் நரம்பு வேறு, பார்வைக்குரிய நரம்பு வேறு என்று அவருக்குப் பாடம் சொன்னேன். அதன்பின் கண் வைத்தியர் அவருடைய குருதியைச் சோதிக்கச் செய்தபோது உண்மை வெளிப்பட்டது. அவருக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவு இருந்திருக்கின்றது. பல்லை ஆட்டியதும் அதுவே. கண்ணின் உட்திரையிலுள்ள நுண்குழாய்களைக் கெடுத்ததும் அதுவே. அப்பெரியவர் காரணத்தைப் பிழைபடக் கூறினாரேயன்றி, தொடர்பினைப் பிழைபடக் கூறவில்லை. பல்லும் கண்ணும் ஒருசேரப் போவதை நம் முன்னோர் பலகாலும் கண்டிருத்தல் வேண்டும். இரண்டுக்கும் பின்னே நின்ற மூன்றாவதை அவர்கள் அறிந்திலர். அறிந்திருக்க வேண்டிய யானோ, முதற்பல் ஆடியபோதே "ஐயா, குருதியில் சர்க்கரை பார்த்ததுண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டேனில்லை. அவ்வொரு வார்த்தை அவர் கண்ணைக் காத்திருக்கக் கூடும்.

இனி, இவ்விரு நோய்களின் தொடர்பினை முறையே ஆராய்வோம்.

முதலில் ஈறு நோய் என்பது யாது? பல்லானது எலும்பில் ஆணி அடித்தாற்போல் நேரே பதிந்திருப்பதன்று. வேருக்கும் தாடையெலும்புக்கும் இடையே மெல்லிய நார்கள் பின்னிப் பல்லை ஊஞ்சல்போல் தாங்குகின்றன. அவற்றைப் போர்த்து நிற்பதே ஈறு. நம் வாயில் 700க்கும் மேற்பட்ட வகை நுண்ணுயிர்கள் வாழக்கூடும். பல் துலக்காவிடின் இவை ஈறும் பல்லும் கூடும் விளிம்பில் மெல்லிய படலமாகப் படிகின்றன. உமிழ்நீரிலுள்ள சுண்ணச்சத்து அப்படலத்திற் சேர்ந்து இறுகுமாயின் அது காரையாகின்றது. காரை படிந்த இடத்தில் ஈறு சிவந்து வீங்கிக் குருதி கசியும். இந்நிலையில் துப்புரவு செய்துவிட்டால் ஈறு பழைய நிலையை அடையும். அவ்வாறு செய்யாதொழியின் பலர்க்கு அழற்சி உள்ளே இறங்கி, நார்களை அறுத்து, எலும்பைக் கரைத்து, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு குழியைத் தோண்டுகின்றது. கரைந்த எலும்பு பெரும்பாலும் மீள வளர்வதில்லை. இவ்வளவும் வலியின்றி நடைபெறுவதே இந்நோயின் வஞ்சகமாகும். சொத்தைப் பல் இரவெல்லாம் அலறவைக்கும். ஈறு நோயோ கரையான்போல் ஓசையின்றி அரிக்கும்.

இதனைச் சோதனையால் விளக்கிக் காட்டியவர் நார்வே நாட்டினரான ஹரால்டு லோ என்னும் அறிஞர். 1965இல் அவரும் அவருடைய துணைவர்களும் வெளியிட்ட ஆராய்ச்சியில், நல்ல ஈறுகளையுடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்திவைத்தனர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவர்க்கும் ஈறு அழற்சி தோன்றிற்று. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் அது நீங்கிற்று.

அதே லோ, 1970இல் இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அங்கே கொழுந்தும் கவாத்துமாய் உழைத்தவர் யாவர்? நம் நாட்டிலிருந்து கடல் கடந்து சென்ற தமிழ்க் குடிகளின் வழிவந்தோரே. பல் வைத்தியர் முகத்தையே காணாத 480 ஆண்களை ஆராய்ச்சியாளர் பதிவு செய்து, மீண்டும் மீண்டும் சென்று நோக்கினர். 15 ஆண்டுகளின் முடிவில் கண்டது வியப்பானது. நூற்றுக்கு 8 பேர்க்கு நோய் விரைந்து முற்றிற்று. 81 பேர்க்கு நடுத்தரமாக வளர்ந்தது. எஞ்சிய 11 பேர்க்கோ ஈறு அழற்சி இருந்தும் எலும்பைத் தாக்கும் நோய் வளரவேயில்லை. அழுக்கு எல்லோர் பல்லிலும் இருந்தது. அழிவு எல்லோர்க்கும் ஒரே அளவில் நேரவில்லை. 2010இல் மீண்டும் தேடிச் சென்றபோது அவர்களுள் 75 பேரைச் சோதிக்க முடிந்தது. உலகெங்கும் பல் வைத்தியம் பயிலும் மாணவர் இன்றும் பாடமாகப் படிப்பது அத்தமிழ்த் தொழிலாளரின் வாயையே என்பதை நம்மவருட் பலர் அறியார்.

அவ்வாராய்ச்சி நீரிழிவைப் பற்றியதன்று. ஆயினும் அது எழுப்பிய கேள்வி நம் பொருளுக்கு வாயிலாகின்றது. ஒரே அழுக்கு ஒருவனை அழித்து மற்றொருவனை விடுவது எதனால்? நுண்ணுயிரின் வலிமையோடு உடலின் எதிர்ப்பாற்றலும் அங்கே கணக்கிற் சேர்கின்றது என்பதே விடை. அவ்வெதிர்ப்பாற்றலைக் குலைக்கும் காரணங்களுள் தலைமையானவை இரண்டு: ஒன்று புகையிலை, மற்றொன்று நீரிழிவு.

நீரிழிவு ஈறுகளைக் கெடுக்கும் வகையைக் கேளுங்கள். குருதியில் மிகுந்த சர்க்கரை புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றின் இயல்பைத் திரிக்கின்றது. அதனால் ஈறுகளைத் தாங்கும் நார்கள் விறைத்துப் புதுப்பிக்கப்படாமற் போகின்றன. நுண்குழாய்கள் தடித்தலால் ஊட்டம் குறைகின்றது. காவற்படையாகிய வெள்ளணுக்கள் பகைவரை ஒழுங்காகக் கொல்லமாட்டாமல், காவல் புரியவேண்டிய வீட்டையே சேதப்படுத்துகின்றன. உமிழ்நீர் குறைந்து வாய் உலர்கின்றது. புண் ஆறுவது தாமதிக்கின்றது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கிலா ஆற்றங்கரையில் வாழும் பிமா என்னும் பழங்குடியினர், ஆற்று நீரையும் பழைய உணவையும் இழந்தபின் நீரிழிவுக்குப் பெரிதும் இரையாயினர். அவர்களிடையே நடத்திய ஆராய்ச்சி 1990இல் வெளிவந்தது. நீரிழிவுடையோர்க்கு ஈறு நோய் புதிதாகத் தோன்றும் வீதம் மற்றவரினும் 2.6 மடங்கு என அது காட்டிற்று. இவற்றையெல்லாம் ஆராய்ந்த லோ, 1993இல் ஈறு நோயை நீரிழிவின் ஆறாம் கேடு என்று பெயரிட்டு எழுதினார். கண், சிறுநீரகம், நரம்பு, பெருங்குருதிக் குழாய், ஆறாப் புண் ஆகிய ஐந்தோடு வாயும் சேர்ந்தது அன்று முதலாகும்.

இதுவரை கூறியது ஒருவழிப் பாதை. பாதை மறுபக்கமும் திரும்புகின்றது என்பதே இன்று நீங்கள் கருத்திற் கொள்ளவேண்டிய செய்தி.

பற்கள் பலவற்றைச் சுற்றி ஆழ்ந்த குழிகள் விழுந்துள்ள ஒருவர் வாயில், அழற்சியுற்ற பரப்பையெல்லாம் ஒன்றாக விரித்து அளந்தால் ஏறக்குறைய 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை வரும் எனக் கணக்கிட்டுள்ளனர். அவ்வளவு பெரிய சீழ்ப்புண் கையிலோ காலிலோ இருந்தால் நாம் வாளா இருப்போமா? வாய்க்குள் மறைந்திருத்தலால் பல்லாண்டு சுமந்து திரிகின்றோம். அப்புண்ணிலிருந்து நுண்ணுயிர்களும் அழற்சிப் பொருள்களும் இடைவிடாது குருதியிற் கலக்கின்றன. அவ்வழற்சிப் பொருள்கள் இன்சுலினின் ஆணையைத் தசையும் ஈரலும் கேளாதவாறு தடுக்கின்றன. கணையம் இன்சுலினைச் சுரந்தும் பயன் குறைகின்றது, சர்க்கரை ஏறுகின்றது. ஏறிய சர்க்கரை ஈறுகளை மேலும் கெடுக்கின்றது. ஒன்றையொன்று தள்ளிவிடும் இச்செக்கிலே அரைபடுவது நம் உடலே.

பிமா மக்களிடையே 35 வயதுக்கு மேற்பட்ட நீரிழிவுடையோர் 628 பேரைத் தொடர்ந்து நோக்கிய ஆராய்ச்சி 2005இல் வெளிவந்தது. கடுமையான ஈறு நோயுடையோர், இருதய நோயாலும் நீரிழிவுச் சிறுநீரக நோயாலும் இறக்கும் வீதம் ஏனையோரினும் 3.2 மடங்காக இருந்தது.

அங்ஙனமாயின் ஈறுகளுக்கு வைத்தியம் செய்தால் சர்க்கரை குறையுமோ எனக் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. என்னும் சோதனையை உங்களுட் பலர் அறிவீர்கள். அது 6.5 அல்லது அதற்கு மேலாயின் நீரிழிவு என்பர். 2022இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு, 35 ஆராய்ச்சிகளையும் அவற்றில் சேர்ந்த 3,249 நோயாளரையும் ஒருங்கே வைத்து எடைபோட்டது. ஈறுகளுக்கு வைத்தியம் பெற்றோரிடம் மூன்று நான்கு மாதங்களில் இவ்வெண் சராசரியாக 0.43 குறைந்தது. 2013இல் அமெரிக்காவில் 514 பேரிடம் நடத்திய சோதனையொன்று பயன் காணவில்லை என்பதையும் மறையாமற் சொல்லுகின்றேன். ஆயினும் ஆராய்ச்சிகள் அனைத்தையும் கூட்டிப் பார்க்கும்போது தராசு பயன் உண்டு என்னும் பக்கமே தாழ்கின்றது.

0.43 என்பது அற்ப எண்ணன்று. இங்கிலாந்தில் நீரிழிவாளரிடம் நடத்திய பேராய்வில், 2000இல் வெளிவந்த கணக்கின்படி, இவ்வெண் ஒன்று குறையுந்தோறும் கண், சிறுநீரகம் முதலிய நுண்குழாய்க் கேடுகள் நூற்றுக்கு 37 வீதம் குறைந்து காணப்பட்டன. எனவே, புதிய மாத்திரை ஒன்று சேர்த்தாற்போன்ற பயனைப் பல் துப்புரவு தரக்கூடும். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பல்லைத் துலக்குமாறு யான் கூறவில்லை. மாத்திரையோடு துலக்குங்கள் என்றே கூறுகின்றேன்.

இச்செய்தி நமக்கு எத்துணை அவசரமானது என்பதற்குச் சென்னையே சான்று. நம் நாட்டிலேயே முதன்முதலாக நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு 1948இல் இந்நகரத்து ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் அவர்களால் தொடங்கப்பெற்றது. அன்று அது செல்வர் நோய் எனப்பட்டது. 1989இல் சென்னையில் பெரியவர்களுள் நூற்றுக்கு 8.3 பேர்க்கு இருந்த இந்நோய், 2004ஆம் ஆண்டளவில் 14.3 பேர்க்கு ஆயிற்று. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கீடு, நாட்டில் 10.1 கோடிப் பேர்க்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேர்க்கு அதற்கு முந்திய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. நம் முன்னோர் மூட்டை சுமந்தும் வண்டியோடு நடந்தும் வாணிகம் செய்தனர். நாமோ கல்லாப்பெட்டிக்குப் பின்னும் மேசைக்குப் பின்னும் அமர்ந்தே பொழுது போக்குகின்றோம். ஆகவே இக்கணக்கில் நம் குலம் மட்டும் விலகி நிற்கும் என எண்ணுதல் பேதைமை.

இனி, நம்மிடையே வழங்கும் சில தவறான எண்ணங்களைக் களைதல் வேண்டும்.

காரையை நீக்கினால் பல் ஆட்டங்காணும், இடைவெளி விழும் என்பர். பல்லை ஆட்டியது காரையால் வந்த நோயே. இடிந்த சுவரைப் புற்று மறைத்திருப்பதுபோல் காரை இடைவெளியை அடைத்திருந்தது. நீக்கியதும் இடிபாடு கண்ணுக்குத் தெரிகின்றது, அவ்வளவே. குருதி வருகின்றது எனத் துலக்குவதையே நிறுத்துவாரும் உளர். குருதி வருதல், அவ்விடத்தில் மேலும் மென்மையாக, மேலும் நன்றாகத் துலக்குக என்னும் அழைப்பாகும். வயதானால் பல் போவது இயற்கை என்பது மூன்றாவது எண்ணம். பல்லைப் போக்குவது பெரும்பாலும் நோயே. வயது அதற்குச் சாட்சி மட்டுமே.

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்ற பழமொழியை யான் மறுக்கவில்லை. நாள்தோறும் தவறாது துலக்குக என்னும் அதன் கருத்து என்றும் பொன்னே. ஆனால் செங்கற்பொடியும் உப்பும் கரியும் கொண்டு விரலால் தேய்ப்பது பல்லின் மேற்பூச்சைத் தேய்க்குமேயன்றிப் பல்லிடுக்கில் புகாது. மெல்லிய தூரிகை கொண்டு, காலையிலும் இரவு படுக்குமுன்னும், இரண்டு நிமிஷம், ஈறு விளிம்பைத் தழுவித் துலக்குங்கள். பல்லிடுக்குகளுக்கென விற்கும் சிறு தூரிகையைப் பயன்படுத்துங்கள். ஊக்கால் குத்தாதீர்கள். தாம்பூலத்தோடு புகையிலை சேர்ப்பதையும் பீடி சிகரெட்டையும் விட்டொழியுங்கள். புகைப்பவர்க்கு ஈறுகளிற் குருதி குறைவாகவே கசியும். அதனால் நோய் மறைந்து வளரும்.

துலக்கும்போது குருதி, நீங்காத வாய்நாற்றம், ஈறு தாழ்ந்து பல் நீண்டாற்போல் தோன்றுதல், முன்பற்கள் விலகி விரிதல், பல் ஆட்டம், இவற்றுள் ஒன்று காணினும் பல் வைத்தியரிடம் செல்லுங்கள்; கூடவே குருதியில் சர்க்கரையையும் சோதியுங்கள். நீரிழிவு முன்னரே உள்ளவர், வலி இல்லையாயினும் ஆண்டுக்கு இருமுறை வாயைக் காட்டுதல் நலம். செல்லும்போது பட்டினியாகச் செல்லாதீர்கள். வைத்தியர் வேறு விதமாகச் சொல்லாவிடின், வழக்கம்போல் உண்டு, மருந்தும் உட்கொண்டு காலையிற் செல்லுங்கள். இன்றேல் நாற்காலியிலேயே சர்க்கரை தாழ்ந்து மயக்கம் நேரலாம். உண்ணும் மருந்துகளின் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். பொருள் இல்லையே என ஒருவரும் தயங்கவேண்டா. கிண்டி நிலையத்திற் கடற்கரை வண்டி ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால், எதிரிலேயே 1953இல் தொடங்கப்பெற்ற அரசினர் பல் மருத்துவக் கல்லூரி இருக்கின்றது.

இறுதியாகச் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். நாம் நடத்தும் மருத்துவ முகாமில் குருதியழுத்தம் பார்க்கின்றோம், சர்க்கரை பார்க்கின்றோம், கண் பார்க்கின்றோம். வாயை மட்டும் யாரும் திறக்கச் சொல்வதில்லை. இனி ஒரு மேசையும், ஒரு விளக்கும், சில வாய்க்கண்ணாடிகளும் சேர்க்குமாறு வேண்டுகின்றேன். சர்க்கரை மிகுந்தவரைப் பல் மேசைக்கும், ஈறு கெட்டவரைச் சர்க்கரை மேசைக்கும் அனுப்பினால் போதும். அம்மேசையில் உடல் உள்ளளவும் ஊதியமின்றி உட்கார யான் இசைகின்றேன். இது தருமமன்று, ஆலந்தூர்ப் பெரியவர்க்கு யான் பட்ட கடன்.

இக்கிண்டியில் 1899இல் தோன்றிய கிங் நிலையம், அம்மை குத்துவதற்கான பாலைச் செய்து இம்மாகாணத்தின் ஊர்களுக்கெல்லாம் அனுப்பிற்று. ஊர்தோறும் கைநீட்டி அம்மை குத்திக்கொண்டதனால் பெரியம்மை ஒழிந்து, 1980இல் உலகமே அதனின்று விடுபட்டதாக அறிவிக்கப்பெற்றது. அந்நிலைய வளாகத்திலேயே 2023இல் பெரிய மருத்துவமனையும் எழுந்தது. அன்று நம் பாட்டன்மார் கையை நீட்டியதுபோல் இன்று நாம் வாயைத் திறக்கவேண்டும். வேண்டுவது அவ்வளவே.

இன்றிரவு வீடு சென்றதும், உங்கள் தாய் தந்தையரை விளக்கருகே அமர்த்தி, "அம்மா, அப்பா, வாயைச் சற்றுத் திறந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். அவர்கள் நகைப்பார்கள். நகைக்கும்போதே பார்த்துவிடுங்கள்.